எல்லையோரத்தில் ஹோம் நர்ஸ்: யாரை வைத்துக்கொள்ளலாம்?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்கு ஆள் தேடும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு: பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) பராமரிப்பு, குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பு, தனியார் ஏஜென்சி. சம்பளம் எவ்வளவு, ஆள் எப்போது வரும் என்பதுதான் வழக்கமாக முதலில் எழும் கேள்வி. அதற்கும் முன்னால், தப்பு நடந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவித் திட்டத்தில் பணம் கொடுப்பது அரசு. அதனால் பராமரிப்பாளர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மின்னணு முறையில் பதியச் சொல்லி 2016-லேயே சட்டம் வந்தது. இங்கே பெரும்பாலும் பணம் நம் பையிலிருந்து போகிறது. கணக்கைச் சரிபார்க்க நம்மைவிட்டால் ஆளில்லை.

யாரைக் கேட்பது என்ற அளவுகோலில் பஞ்சாயத்துதான் முதலில் நிற்கிறது. கேரளம் 2008-இல் பாலியேட்டிவ் கொள்கை வகுத்ததிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப்போடுவார், சிறுநீர்க் குழாய் மாற்றுவார். கட்டணமில்லை. குறையிருந்தால் வார்டு மெம்பரைக் கேட்கலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ‘ராத்திரி கூடத் தங்க மாட்டாரே’ என்பது நியாயமான ஆட்சேபம்தான். அந்த இடத்துக்குக் குடும்பஸ்ரீயின் கே4 கேர் பராமரிப்புச் சேவை பொருந்தும். பயிற்சி பெற்ற பெண்கள் வருகிறார்கள். ஊரிலேயே குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். அலுவலகம் இருப்பதால் போய்க் கேட்கவும் இடமுண்டு. ஆனால் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்களில் கேட்ட நாளில் ஆள் அமையாமல் போகலாம்.

அப்போது ஏஜென்சிதான் கதி. அதில் குற்றமில்லை, கண்ணை மூடிக்கொண்டு போவதில்தான் குற்றம். ஹோம் நர்ஸ் என்று அழைக்கப்படுகிறவர்கள் எல்லோரும் நர்சிங் படித்தவர்கள் அல்லர். ஊசி, டியூப் உணவு என்றால் கேரள நர்சுகள் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். குளிப்பாட்டவும் ஊட்டவும் மட்டும் என்றால் அது தேவையில்லை, நர்சுக்கான சம்பளமும் தேவையில்லை. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பிய ஆள் நாலு நாளில் போனதும் மறுபடி கட்டணம் கேட்பதுதான் எளிய மோசடி. மாற்று ஆள் எத்தனை நாளில், கட்டணமின்றியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலே பாதி அடைபடும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும், ரசீது வரட்டும். இப்படியெல்லாம் கேட்டால் ஆளே கிடைக்காது என்பார்கள். ரசீதுக்கே தயங்கும் ஏஜென்சி, நகை காணாமல் போனால் போனை எடுக்குமா? ஏஜென்சியின் அலுவலகம் எல்லைக்கு அப்பால் கோவையிலோ கம்பத்திலோ இருப்பதும் தடையல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமும் கிடையாது. அங்கே காட்டுவதற்குக் கையில் ஒப்பந்தமும் ரசீதும் இருக்க வேண்டும். அவை வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.