உள்ள விளைபொருளிலிருந்து புதிய பண்டங்களை எண்ணிக் காணும் முறை

கமக்காரர்களே,

மாசி, பங்குனி மாதங்களில் பெரும்போக அறுவடை நடைபெறும்போது மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த வயல்களில் யாது நிகழ்கின்றது என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிரானிலும் சித்தாண்டியிலும் வாகனேரிக் குளத்தின் கீழும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நெல் வெட்டப்படுகின்றது. பசளைக் கடனையும் வெட்டுக்கூலியையும் உடனே தீர்க்கவேண்டியிருத்தலின், ஈரங்காயாத நெல் வயற்கரையிலேயே லொறியில் ஏற்றப்படுகின்றது. அந்நாளில் விலை கூறுபவர் வாங்குபவரே. தோட்டஞ் செய்வோரின் நிலையும் இதிலிருந்து வேறன்று. கத்தரியும் வெண்டியும் எல்லோர் தோட்டத்திலும் ஒருங்கே காய்க்கும் கிழமையில் சந்தையில் அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் பாசிக்குடாக் கடற்கரையில் பல விடுதிகள் எழுந்துள்ளன. கடல் அமைதியாயிருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில் உல்லாசப் பிரயாணிகள் அங்கு மிகுதியாக வருகின்றனர். அஃதாவது, நமது பெரும்போக நெல் வீட்டுக்கு வந்து, வெயிலும் நன்றாக எறிக்கத் தொடங்கும் வேளையிலேயே அவர்களும் வருகின்றனர். அவர்கள் ஊர் திரும்பும்போது நம் வயலில் விளைந்த பண்டம் எதனைக் கையிற் கொண்டு செல்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள்.

"நெல்லை நெல்லாகவும் காயைக் காயாகவும் விற்பதன்றி வேறு யாது செய்யலாம்?" என்று கூட்டங்களில் நான் கேட்பதுண்டு. முதலிற் சபை மௌனமாயிருக்கும். பின்னர் ஒருவர், அயலூரில் யாரோ செய்து இலாபமீட்டிய பண்டம் ஒன்றைக் கூறுவார். உடனே யாவரும் அதனையே செய்ய முற்படுவர். இத்தவற்றுக்கு நானும் உடந்தையாயிருந்திருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதர் சங்கத்தினருக்கு, மா அரைக்கும் இயந்திரம் ஒன்றைக் கடனில் வாங்குமாறு ஆலோசனை கூறினேன். அரைத்த மாவை எவர் வாங்குவர் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நானும் கேட்கவில்லை. அயலிலுள்ள சங்கமும் அதே மாவை அரைத்து அதே கடைகளுக்குக் கொண்டு சென்றது. இரண்டாம் ஆண்டில் இயந்திரம் தறப்பாளின் கீழ்க் கிடந்தது. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாது வந்தது. கீழே கூறப்படும் முறையை நான் கைக்கொள்ளத் தொடங்கியது அதன் பின்னரே.

அமெரிக்காவில் விளம்பரத் தொழில் நடாத்திய அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்பவர், 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், புதிய எண்ணங்களைத் தோற்றுவித்தற்குரிய வினாக்கள் பலவற்றைத் தொகுத்துத் தந்தார். 1971ஆம் ஆண்டில் பொப் எபேர்ள் என்னும் கல்வியாளர், சிறுவரின் கற்பனைப் பயிற்சிக்காக, அவற்றை ஏழு தலைப்புக்களில் அடக்கினார். இம்முறையின் உட்பொருள் எளிது. "புதிதாக யாது செய்யலாம்?" என்று வெறுவெளியை நோக்கி வினவினால் மனம் விடை தராது. கையிலுள்ள ஒரு பொருளை முன்னே வைத்து, அதில் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றை இடலாமா, வேறொன்றுடன் சேர்க்கலாமா, பிறிதோரிடத்தில் செய்யப்படுவதை இதற்குப் பொருத்தலாமா, அளவையோ உருவையோ மாற்றலாமா, வேறொரு பயனுக்கு ஆக்கலாமா, ஏதேனும் ஒன்றை நீக்கலாமா, வரிசையைத் தலைகீழாக்கலாமா என்று ஒவ்வொன்றாக வினவினால், மனம் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைக்கின்றது.

இவற்றுள் எதுவும் நமக்கு அந்நியமன்று. பாசிக்குடாவுக்கு அண்மையிலுள்ள வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நீங்கள் அறிவீர்கள். 1950களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட அவ்வாலை நெல் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. சூடடித்த பின் களத்தில் எரித்துவந்த வைக்கோலுக்கு விலை கிடைத்தது, "வேறொரு பயன் உண்டா?" என்ற வினாவாலன்றோ! போர்க்காலத்தில் அவ்வாலை நலிவுற்றது வேறு கதை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி தட்டுப்பட்டது. அக்காலத்தில் இட்லிக்கு அரிசியின்றித் தவித்த பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகம் கோதுமை ரவையை இட்டுப் பார்த்ததென்றும், ரவை இட்லி அவ்வாறே தோன்றியதென்றும் அவ்வுணவகத்தார் கூறுவர். இது பதிலிடுதல். எஞ்சிய ரொட்டியைக் கொத்தி, கறியும் காயும் சேர்த்த கொத்துரொட்டி நம் கிழக்கு மாகாணத்திலேயே பிறந்ததென்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சேர்த்தல்.

இனி, ஒரு பொருளை எடுத்துச் செய்து பார்ப்போம். ஆலையிற் குற்றிய சிவப்பரிசியிலிருந்து பிரிக்கப்படும் குறுணலைக் கொள்வோம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசியும் 20 கிலோ உமியும், மிகுதியாகத் தவிடும் கிடைக்கும். அவ்வரிசியில் உடைந்த பங்கு கோழித்தீனியாக அற்ப விலைக்குப் போகின்றது. ஆறேழு பேர் ஒரு மரநிழலிற் கூடி, ஒரு பிடி குறுணலை நடுவில் வைத்து, எழுதத் தெரிந்த ஒருவரிடம் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு நியதியை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: எண்ணங்களைச் சொல்லும் முதல் அரைமணி நேரத்தில் எவரும் "அது சரிவராது" என்று சொல்லலாகாது. இவ்விரு சொற்கள் கொன்ற எண்ணங்கள், அறக்கொட்டியான் அழித்த நெல்லிலும் அதிகம் என்பது என் கருத்து. வயதில் மூத்தவர் ஒருமுறை அதனைச் சொல்லிவிட்டால் பின்னிருக்கும் இளைஞரும் பெண்களும் வாய் திறவார். ஆதலால் மூத்தோர் இறுதியிற் பேசுவது நன்று.

குறுணலுக்கு எதைப் பதிலிடலாம் என்பதிலும், குறுணலை எதற்குப் பதிலிடலாம் என்று வினவுவது பயன் தரும். ரவைக்குப் பதிலாக இடலாம். உப்புமாவும் கஞ்சியும் ஆகும். எதனோடு சேர்க்கலாம்? பயறு, கச்சான், எள், முருங்கையிலை, வல்லாரை, தேங்காய்ப்பூ எனப் பட்டியல் நீளும். ஒரு கிராமத்தில் இவ்வினாவின்போது, அதுகாறும் வாளாவிருந்த ஓர் அம்மா, "காலையில் நாங்கள் காய்ச்சும் இலைக்கஞ்சிக்கு இது போதுமே தம்பி" என்றார். அப்போதே தோட்டக்காரரும் வயற்காரரும் ஒரே பண்டத்திற் சந்தித்தனர். பிறவிடத்துச் செய்கையைப் பொருத்துதல் என்ற வினாவுக்கு, தேயிலையைச் சிறு பைகளில் அடைப்பது போல ஒரு வேளைக் கஞ்சிக்கு வேண்டியதை ஒரு பொதியாக்கலாம் என்ற விடை வந்தது. அளவைக் குறைத்தலும் இதனுள் அடங்கும். விமானத்திற் செல்பவர் 5 கிலோ அரிசியைச் சுமக்கமாட்டார். 200 கிராம் பொதியைச் சுமப்பார். நீக்குதல் என்றதும், ஊறவைக்கும் வேலையை நீக்கலாம் என்றனர்; வறுத்து உடைத்த குறுணல் விரைவில் வேகும்.

தலைகீழாக்குதலை நான் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். நாம் முதலிற் பயிரிட்டு, பின்பு அறுத்து, இறுதியில் வாங்குபவரைத் தேடுகின்றோம். இவ்வரிசையை மாற்றி வாங்குபவரை முதலிற் கண்டால் என்ன? விடுதிச் சமையற்காரரிடம் சென்று, "எந்தக் கீரை, எந்தக் காய் உங்களுக்கு நாள்தோறும் வேண்டும்? எவ்வளவு? எந்த மாதத்தில்?" என்று கேட்டறிந்த பின் நாற்றுமேடை போடுவது ஒன்று. பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்லாது, வாங்குபவரைத் தோட்டத்துக்கு அழைப்பது மற்றொன்று. விடுதியில் தங்கியிருப்பவர், தாமே பறித்த வெண்டியை, அல்லது தம் கண்முன்னே காய்ச்சிய இலைக்கஞ்சியை, வயற்கரையில் இருந்து உண்ண விரும்பக்கூடும். இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. நிழலும் தூய நீரும் துப்புரவான மலசலகூடமும் வேண்டும்.

அரைமணி நேரம் கழிந்ததும் புத்தகத்திற் பல எண்ணங்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை பயனற்றவை. அதனால் நட்டமில்லை, ஏனெனில் இதுவரை செலவானது ஒரு தாளே. இப்போதுதான் "சரிவராது" என்ற சொல்லுக்கு இடமுண்டு. ஆயினும் காரணத்துடன் சொல்லவேண்டும். மூலப்பொருள் ஆண்டில் எத்தனை மாதம் கிடைக்கும்? குளிர்ப்பெட்டியின்றி எத்தனை நாள் கெடாதிருக்கும்? இன்னார் வாங்குவார் என்று ஒரு கடையையோ விடுதியையோ பெயர் சொல்லிக் காட்ட முடியுமா? வீட்டிலுள்ள சட்டி பானைகளைக் கொண்டே முதற்றடவை செய்து பார்க்க முடியுமா? இறுதி இரண்டு வினாக்களுக்கும் "முடியாது" என்று விடை வரும் பண்டத்தை, எத்துணை கவர்ச்சியாயிருப்பினும், இவ்வாண்டு ஒதுக்கிவையுங்கள். மேலே கூறிய மாதர் சங்கத்தாரின் இயந்திரம் இவ்விடத்தில் நின்றிருக்க வேண்டியது.

இலைக்கஞ்சிப் பொதி தேறிற்று எனக் கொள்வோம். 5 கிலோ குறுணலுக்கு மேல் முதலில் எடுக்கவேண்டாம். கல்லும் உமியும் போகப் புடைத்து, கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து ஆறவிடுங்கள். சிவப்பரிசியில் ஒட்டியிருக்கும் தவிட்டில் எண்ணெய் உண்டு. வறுக்காது வைத்தால் அவ்வெண்ணெய் விரைவிற் கெட்டு, விரும்பத்தகாத மணம் வீசும். முருங்கையிலையை நல்ல நீரிற் கழுவி, நிழலில், கையால் நொறுக்கும் பதம் வரும்வரை உலர்த்துங்கள். வெயிலில் இட்டால் பச்சை நிறம் போய்விடும். மார்கழி மழையில் நான் ஒருமுறை உலர்த்திப் பார்த்து, மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்த இலையை எருக்குழியிற் கொட்டினேன். பங்குனிக்கு முன் இதனைத் தொடங்காதிருப்பது நலம். பத்துப் பங்கு குறுணலுக்கு ஒரு பங்கு இலைத்தூள் என ஆரம்பித்து, குடிப்பவரின் சொற்கேட்டுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். முற்றாக ஆறிய பின்னரே பையிலடைத்து வாயை ஒட்டவேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

விலையைக் கணிக்கும்போது குறுணல், விறகு, பை, போக்குவரத்து ஆகியவற்றுடன் உங்கள் கூலியையும் எழுதுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுக்காது இலாபமென்று சொல்வதை நான் பல இடங்களிற் கண்டிருக்கின்றேன். விற்காது திரும்பும் பொதிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கடைக்குக் கொடுக்குமுன், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதியில் எவ்விவரங்களைப் பொறிக்கவேண்டும் என்பதை உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். சமைக்கும் இடத்தை அவர் வந்து பார்ப்பதை இடையூறாகக் கருதவேண்டாம்.

காலாவதித் திகதியை அயற்கடைப் பொதியைப் பார்த்து எழுதாதீர்கள். முதற்றடவை செய்தவற்றுள் ஆறு பொதிகளை வீட்டிலேயே, கடையில் இருப்பது போன்ற இடத்தில் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒன்றாகப் பிரித்து, மணந்து பார்த்து, காய்ச்சிக் குடித்து, கண்டதை அதே பயிற்சிப் புத்தகத்தில் திகதியிட்டு எழுதுங்கள். எந்தப் பொதியில் முதன்முதலாக மணம் மாறியிருக்கின்றதோ, அதற்கு நான்கு கிழமைகள் முந்திய நாளுக்கு மேல் விற்பனைக் காலத்தை நீட்டவேண்டாம். அப்புத்தகத்தையும் ஒரு பொதியையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள்.