பழைய டீசல் லொறிக்கு வெப்பநிலைமானி பொருத்துதல்

தமிழாசிரியன் ஒருவன் லொறி எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். நம் பழைய மாணவருள் வைத்தியரும் வழக்கறிஞரும் உளர். லொறி ஒன்றையே முதலாகக் கொண்டு குடும்பம் நடத்துவோரும் உளர். அவர்க்கும் பயன்படும் கட்டுரையொன்று விழாமலரில் இடம்பெறுதல் தகும். பௌதிகம் பயிலும் மாணவரும் வகுப்பறையிற் கற்ற சிலவற்றை ஈண்டுக் கண்கூடாகக் காண்பர்.

முதலிற் சொல்லைத் தெளிவோம். மானம் என்னுஞ் சொல்லுக்கு அளவு என்றும் ஒரு பொருளுண்டு, அளப்பது மானி. இக்கருவி அளப்பது வெப்பம் அன்று, வெப்பநிலை. அதுவும் எஞ்சின் முழுவதன் வெப்பநிலை அன்று. தன் உணர்முனை நிற்கும் அவ்வோரிடத்தின் வெப்பநிலையே. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். பின்வருவன யாவும் இதனையே பற்றி நிற்கின்றன.

டீசல் எரிவதால் எழும் வெப்பத்தில் ஒரு பகுதியே சில்லைச் சுழற்றுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடும் குளிரூட்டு நீரோடும் வெளியேறும். எஞ்சினைச் சுற்றியோடிய நீர் ரேடியேற்றரிற் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து மீளும். இடையிலுள்ள தெர்மோஸ்ரற் என்னும் தடுக்கு, பல எஞ்சின்களில் ஏறத்தாழ 82 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும். ஆதலின் நலமுள்ள எஞ்சினின் நீர் பெரும்பாலும் 80 பாகைக்கும் 95 பாகைக்கும் இடையில் நிற்கும். அளவு கடந்து சூடேறின் கஸ்கற் பழுதாகும். சிலிண்டர் ஹெட் வெடிக்கும். அச்செலவு சிறு லொறிக்காரரின் பல மாத உழைப்பை விழுங்கிவிடும். பழைய லொறிகள் சிலவற்றிற் சிவப்பு விளக்கொன்றே உண்டு. அது எரியும்போது காலங் கடந்திருத்தலுங் கூடும். வேறு சிலவற்றின் மானி என்றோ செயலிழந்திருக்கும். ஆகவே தனி மானியொன்று வேண்டப்படுகின்றது.

கடைகளிற் கிடைக்கும் மானிகள் இருவகைப்படும். முதலாவது பொறிமுறை மானி. இதன் குமிழில் எளிதில் ஆவியாகும் திரவம் உண்டு. சூடேறும்போது ஆவியின் அழுத்தம் மெல்லிய செம்புக் குழாய் வழியே சென்று, மானியினுள் வளைந்திருக்கும் குழாயை நிமிர்த்த முயல, முள் நகரும். இவ்வளைகுழாய்க்கு 1849 இல் பிரான்சிற் காப்புரிமை பெற்றவர் இயூஜின் பூர்தோன். இரண்டாவது மின்மானி. இதன் உணரியைக் கராச்சில் சென்சர் என்பர். சூடேற அதன் மின்தடை குறையும். வெள்ளிச் சல்பைட்டில் இப்பண்பினை 1833 இல் மைக்கல் பரடே கண்டார். மானியும் உணரியும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு ஆக்கப்பட்டவை. ஒன்றை மாற்றி வேறொன்றை இணைப்பின் முள் பொய்யுரைக்கும். லொறியின் மின்னழுத்தம் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்பதையும், பற்றரியின் எம்முனை உடலோடு இணைந்துள்ளது என்பதையும் வாங்குமுன் அறிக. பழைய பிரித்தானிய லொறிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும்.

உணர்முனைக்குத் தக்க இடம் சிலிண்டர் ஹெட். அன்றேல் தெர்மோஸ்ரற்றுக்கு முன், எஞ்சின் பக்கம். ரேடியேற்றரின் கீழ்க்குழாயிற் பொருத்தின், ஆறிய நீரின் செய்தியே கிட்டும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறந்து, நீரிற் சிறிது வடித்து, அவ்விடத்து அடைப்பாணியைக் கழற்றுக. புரியை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. எட்டிலொரு அங்குல அமெரிக்கக் குழாய்ப்புரியில் அங்குலத்துக்கு 27 சுற்றுக்கள். பிரித்தானியப் புரியில் 28. இரண்டும் முதலிற் பொருந்துவனபோல் தோன்றி, இறுக்கியபின் ஒழுகும். ஒற்றை வயர் உணரி தன் புரிவழியே எஞ்சினோடு மின்தொடர்பு கொள்வது. அதன்மேல் அடைப்பு நாடாவைத் தடிப்பாகச் சுற்றலாகாது.

மின்மானியாயின் முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. சாவி திருப்பும்போது மட்டும் மின் வரும் வயரிலிருந்து, சிறிய பியூஸ் ஒன்றின் வழியே இணைப்பைப் பெறுக. பொறிமுறை மானியாயின் குழாயை வெட்டவோ மடிக்கவோ கூடாது. மிகுந்த நீளத்தை வட்டமாகச் சுருட்டி, புகைக்குழாயினின்றும் விலக்கிக் கட்டுக. தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் இறப்பர் வளையம் இடுக. ஈற்றில் நீரை நிரப்பி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓட்டி, தெர்மோஸ்ரற் திறந்து உள்ளிருந்த காற்று வெளியேறியபின் குறைநீரை ஊற்றி மூடுக.

பொருத்துமுன் மானியைச் சோதித்தல் எளிது. உணர்முனையைக் கொதிநீரில் அமிழ்த்துக. யாழ்ப்பாணத்தில் முள் 100 பாகையை அணுக வேண்டும். 1,868 மீற்றர் உயர்ந்த நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஒற்றை வயர் உணரிக்கு அதன் உலோக உடலை ஒரு வயரால் லொறியின் உடலோடு இணைத்துக்கொள்க. ரேடியேற்றரினுள்ளோ நிலை வேறு. மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்குமாயின், நீர் ஏறத்தாழ 111 பாகை வரை கொதியாது. சூடான எஞ்சினின் மூடியைத் திறப்போர் வெந்து போவது இதனாலேயே. அழுத்தம் நீங்கியதும் நீர் ஒருங்கே பொங்கியெழும்.

இனி முள்ளை வாசிக்கும் முறை. பொருத்திய முதல் வாரத்திற் சமதரையிலும், பாரத்தோடு கடுகண்ணாவை போன்ற ஏற்றத்திலும் முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்க. அவ்வளவே உங்கள் லொறியின் இயல்பு. இயல்பினின்றும் உயரின் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. சூடான எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றற்க.

முள் உயர்வதைக் கண்டு அஞ்சாதார் இலர். ஆயின் ஓடும் லொறியில் அது திடீரெனத் தாழ்வதைக் கண்டு மகிழ்வோர் பலர். குழாய் வெடித்து நீர் வடிந்துவிட்டால், உணர்முனை நீரைத் தொடாது வெறுமையில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் தாழும். உணரியின் வயர் அறுந்தாலும் தாழும். செம்புக் குழாய் முறிந்தாலும் தாழும். ஆதலின் காரணமின்றித் தாழ்ந்த முள்ளைக் கண்டதும் நிறுத்துக; ஒழுக்கு உண்டா எனப் பார்க்க; எஞ்சின் ஆறியபின் நீர்மட்டத்தை நோக்குக. மானி தான் நிற்கும் இடத்தின் செய்தியையே சொல்லும். அவ்விடத்தில் நீர் உண்டா என்பதை அறிந்துகொள்ளல் சாரதியின் கடன்.