'குடியை விடுங்க மாமா' என்றால் ஏன் எடுபடுவதில்லை?

மாணவர்களே, பேராக் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் கள்ளுக்கடை இருந்தது. பிறகு மலிவான சம்சு வந்தது. மக்கள் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் குடியேறியபோது சிலரோடு குடியும் கூடவே வந்தது. புத்தி சொன்னால் அவர்கள் ஏன் கேட்பதில்லை?

அமெரிக்க உளவியலாளர்கள் புரொசாஸ்காவும் டிகிளமெண்டேயும் புகைப்பழக்கத்தைத் தாமாகவே மாற்ற முயன்ற 872 பேரை ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. அதற்குப் படிநிலைகள் உண்டு என்றனர். இன்று ஐந்து சொல்கிறார்கள்: எண்ணமே இல்லாத நிலை, யோசிக்கும் நிலை, ஆயத்தம், செயல், நிலைநிறுத்தல்.

முதல் நிலையில் இருப்பவரிடம் "எப்போது விடுவீர்கள்?" என்றால் சண்டைதான் மிஞ்சும். ஆலோசகர் அவரிடம், "குடியால் கிடைப்பது என்ன, போவது என்ன?" என்று கேட்டு, அவரையே பேச விடுவார். நாள் குறிப்பது ஆயத்த நிலைக்கு வந்தவரோடுதான். விட்டவர் மறுபடியும் குடித்தால், எந்தச் சூழலில் கை போனது என்று பார்த்து மீண்டும் தொடங்குவார். (எல்லாரும் வரிசையாகப் படியேறுவதில்லை என்று இதை விமர்சிப்பவர்களும் உண்டு.)

ஒன்றில் கவனம் தேவை. மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. மூளை அதற்கு ஈடுகட்டிப் பழகிவிடுகிறது. பல ஆண்டுகள் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, உயிராபத்துகூட வரலாம். ஆகவே வீட்டில் போத்தலை ஒளித்து வைக்காதீர்கள். முதலில் அவரைக் கிளினிக்கில் டாக்டரிடம் அழைத்துப்போகும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.