தொண்டைமானாறு: கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு வாசல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. அப்படியானால் தொண்டைமானாறு எது? அது வடமராட்சிக் கடல்நீரேரியை வட கடலோடு தொடுக்கும் ஒடுங்கிய நீர்வழி. உப்பு ஏற்றுவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்பது செவிவழிக் கதை.

இவ்வேரி வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் இடையே தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. உப்பாறு தெற்கே சென்று அரியாலையில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைச் சேர்கிறது. ஆகவே வாசல்கள் இரண்டு.

வாசலில் நடப்பது என்ன?

மாரியில் மழைவெள்ளம் வாசலால் கடலுக்குப் போகிறது. கோடையில் வெயிலால் ஏரி வற்ற, கடல்நீர் உள்ளே வருகிறது. கரையோர வயல்கள் உவராகின்றன.

கிணற்றுக்கு என்ன தொடர்பு?

எமது நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணக்கல். அதற்குள் நன்னீர், பாரமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே 1 அடி குறைந்தால், கீழே உவர்நீர் மெல்ல மெல்ல 40 அடி வரை ஏறக்கூடும்.

கதவுகள்

1950களில் இரு வாசல்களிலும் பலகைக் கதவுகளுடன் தடுப்பணைகள் அமைந்தன. முதல் மழையில் கரையும் உப்பை வெளியே விட்டு, பின்மழை நீரை மறித்து வைப்பதே நோக்கம். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் இதை விரிவாக்கினார். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு ஏரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவருவது அவர் திட்டம். வேலை முழுமை பெறவில்லை. பராமரிப்பின்றிப் பலகைகள் உக்கின. யுத்த காலத்தில் கவனிப்பார் எவருமில்லை.

ஒன்றை மறக்கலாகாது. கதவு எந்நேரமும் பூட்டிக் கிடந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. கடற்றொழிலாளர் வயிறு காயும். திறக்கும் நாளையும் மூடும் நாளையும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் கூடியிருந்தே தீர்மானிக்க வேண்டும்.

பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்புவோர் முதலில் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். உவர்த்தால் ஆழமாக வெட்டாதீர்கள். உவர் இன்னும் கிட்ட வரும். குளத்தைத் தூர்வாருங்கள், வரம்பை உயர்த்துங்கள், மழைநீரை நிலத்துக்குள் இறங்க விடுங்கள்.

கலந்துரையாட:
1. உங்கள் ஊர்க் கிணறுகளில் எவை நன்னீர், எவை உவர்?
2. மழைநீர் எவ்வழியால் கடலுக்குப் போகிறது?
3. அதை மறிக்க நாம் கூடிச் செய்யக்கூடியது என்ன?