பழைய மோட்டார் வண்டி

தம் மக்களுக்கோ உடன்பிறந்தாருக்கோ பழைய மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் பளபளப்பில் மயங்குதல் ஆகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய ஊர்களில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரிலும் அப்பகுதி வெள்ளத்துக்கு உள்ளாயிற்று. நீரில் மூழ்கிய வண்டி, கழுவி மெருகிட்டபின் புதியதுபோல் விளங்கும். ஆயினும், உட்புகுந்த ஈரம் மின் இணைப்புகளை மெல்ல அரித்துவரும். அவ்வண்டி ஒருநாள் நடுவழியில் ஓட்டுபவரைக் கைவிடவும் கூடும். ஆதலின், தரைவிரிப்பைத் தூக்கியும், இருக்கைப் பட்டையை முற்றும் வெளியே இழுத்தும் சேற்றுக்கறை உளதோ என நோக்குதல் வேண்டும். தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு எஞ்சினையும் பிரேக்கையும் சோதித்தல் வேண்டும். வாங்கியபின் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் கடமையாகும். விலைக்குறைவு கண்டு மகிழ்ந்து, ஆராயாது வாங்கித் தருவது அன்பு ஆகாது. அன்புடையாரை இடருக்கு உள்ளாக்குவதே ஆகும்.