ஹேக்கில் எங்கட வழக்கைப் போடலாமா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பிள்ளை சட்டம் படிக்கிறது என்றால் ஊரே அதை நம்பியிருக்கும். அந்தப் பிள்ளை ஓர் அரையாண்டு ஐரோப்பாவில் படிக்கப் போகிறது என்று தெரிந்தால் நம்பிக்கை இன்னும் ஏறிவிடும். அதில் ஒரு பகுதி அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாத பாரம்.

“அங்க போனால் எங்கட வழக்கை உலக நீதிமன்றத்தில போடலாமா?”

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருந்தவர்களின் கேள்வி இது. சுற்றிவளைக்காமல் பதில் சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை: போட முடியாது. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்காடலாம், தனி ஆட்கள் அல்ல. அதே நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையான ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் தனி மனிதர் முறையிடலாம். ஆனால் ஐரோப்பியப் பேரவையின் 46 நாடுகளுக்கு எதிராக மட்டும். அங்கே எங்கள் ஆட்களின் வழக்குகளும் உண்டு. 1991இல் தமிழர் ஐவர் தோற்றார்கள். 2008இல் திருப்பி அனுப்பப்பட இருந்த ஒரு தமிழர் வென்றார். இரண்டிலும் எதிராளி பிரித்தானியா, இலங்கை அல்ல.

அப்படியென்றால் ஏன் போகவேண்டும்? லோய்சிடூ வழக்குக்காகவே போகலாம் என்பேன். டிட்டினா லோய்சிடூ சைப்பிரஸ் பெண். வடக்கே கைரீனியாவில் அவருக்குக் காணி இருந்தது. 1974இல் துருக்கிப் படை வந்தபின் அங்கே போகமுடியவில்லை. 1989இல் துருக்கிக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூர்க்கில் முறையிட்டார். உறுதி இன்னும் அவர் பெயரில்தான், காணிக்குள் போகவிடாமல் மறிப்பது நாளாந்தம் தொடர்கிற உரிமை மீறல் என்று 1996 டிசம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. 1998இல் நட்டஈடு விதித்தார்கள். துருக்கி பணத்தைக் கட்டியது 2003இல்தான். கேப்பாப்புலவில் தங்கள் காணியைக் கேட்டு இராணுவ முகாம் வாசலில் இருந்த சனத்தின் வழக்குக்கு இந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தும் சட்டம் ஆகாது. ஆனால் ‘தொடர்கிற மீறல்’ என்ற அந்த வாதத்தை எப்படிக் கட்டினார்கள், எதிர்த்தரப்பு எங்கே அதை உடைக்கப் பார்த்தது என்று படித்த ஒருவர் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தால், காணிக் கோவை ஒன்றை அவர் வாசிக்கும் விதமே மாறும். தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அதை நல்ல ஆசிரியர் ஒருவரிடம், பல நாட்டு மாணவரோடு தர்க்கித்துப் படிப்பது வேறு.

“ஒல்லாந்தில படிச்சால் எங்கட சட்டத்தையே படிக்கலாம்”

எங்கள் பொதுச் சட்டம் உரோமன் ஒல்லாந்துச் சட்டம் என்பது சரி. ஆனால் நெதர்லாந்து அதை 1809இலேயே கைவிட்டுவிட்டது. அது இன்று உயிரோடு இருப்பது இலங்கை, தென்னாபிரிக்கா போன்ற நாடுகளில்தான். லெய்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த யோஹானஸ் வூட் எழுதியதை எங்கள் நீதிமன்றங்களில் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே அது சட்ட வரலாறு. லெய்டனுக்குப் போகிறவர்களிடம் நான் சொல்வது வேறொன்று: பக்கத்து நகரான ஹேக்கின் தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் இருக்கின்றன, ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுதித் தொகுத்தவர் அந்தக் கம்பனியின் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ்.

“முடிச்சிட்டு அங்கேயே சட்டத்தரணியாகலாம்”

ஆக முடியாது. ஓர் அரையாண்டு என்பது ஐரோப்பியக் கணக்கில் 30 புள்ளி. அது பட்டமும் அல்ல, வதிவிட உரிமையும் அல்ல. இங்கேகூட சட்டமாணிப் பட்டம் மட்டும் போதாது; சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைச் சித்தியடைந்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் சட்டத்தரணி.

“ஏஜென்சிக்குக் காசு கட்டினால் அலுவல் நடக்கும்”

தயவுசெய்து காணி உறுதியை ஈடு வைக்காதீர்கள். 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று இலங்கை மாணவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கவேண்டும், விண்ணப்பம் உங்கள் பல்கலைக்கழகத்தினூடாகவே போகவேண்டும். இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை. தெரிவானால் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. செலவுக்கு, நாட்டைப் பொறுத்து, மாதம் 800 முதல் 900 யூரோ வரை தருகிறார்கள். பயணத்துக்கு வேறாக உதவி உண்டு. தொண்ணூறு நாளுக்கு மேல் இருப்பதால் சுற்றுலா விசா சரிவராது, அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். அதற்கும் காப்புறுதிக்கும் கையில் கொஞ்சக் காசு முன்கூட்டியே தேவைப்படும்.

எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடாகும் என்று, புறப்படமுன் இரண்டு பல்கலைக்கழகங்களும் மாணவரும் கையெழுத்திடும் பத்திரம் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் போனால் அந்த அரையாண்டு இங்கே கணக்கில் வராமல் போகலாம். இலங்கைச் சாட்சியச் சட்டத்தையும் தேசவழமையையும் எந்த ஐரோப்பியப் பல்கலைக்கழகத்திலும் ஈடுசெய்ய முடியாது. அவை எந்த அரையாண்டில் வருகின்றன என்று பார்த்துவிட்டே போகிற காலத்தைத் தீர்மானியுங்கள்.