ஆச்சியைச் சுற்றிவந்த கேமரா

அன்புள்ள குட்டிக்கு,

நீ அனுப்பிய ஆறு நிமிடப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். ஆச்சி முற்றத்தில் பாய் விரித்துப் பூக் கட்டுகிறாள். நீ கைபேசியை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலில் மாட்டிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் அவளை நான்கு சுற்றுச் சுற்றுகிறாய். ஆட்டம், குலுக்கல் ஒன்றும் இல்லை. அதில் உனக்குப் பெருமை இருக்கும், இருக்கட்டும். ஆனால் நனைத்த வாழைநாரை இழுத்து, இந்தப் பக்கம் இரண்டு அரும்பு, அந்தப் பக்கம் இரண்டு அரும்பு வைத்து, ஒரு சுண்டு சுண்டி இறுக்குகிறாளே, அந்த முடிச்சை என்னால் ஒரு தடவைகூட முழுசாகப் பார்க்க முடியவில்லை. முடிச்சு விழுகிற நேரம் பார்த்து நீ முதுகுப் பக்கம் போய்விடுகிறாய்.

ஏன் சுற்றினாய்? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். "ஜிம்பல் இருந்தது, சுற்றினேன்" என்பதுதான் உண்மையான பதிலாக இருக்கும்.

எங்கள் காலத்தில் ஒரு டிராலி ஷாட் என்றால் அரை மணி நேரப் பாடு. தண்டவாளத்தைத் தரையில் போட்டு, ரசமட்டம் வைத்து, பள்ளமான இடத்தில் மர ஆப்பு சொருகுவோம். இரண்டு துண்டு சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்போம். நகம் தட்டினால் கேமராவும் தட்டும். சக்கரம் கீச்சென்றால் முகப்பவுடர் தூவுவோம். இவ்வளவு வேலை இருந்ததால், டைரக்டர் டிராலி கேட்டதும் கேமராமேன் "எதுக்கு சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். உன் ஜிம்பல் அந்த வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது நல்லதுதான். கூடவே அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கேமரா நகரத் தொடங்கியது நேற்று இல்லை. 1896-இல், சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களிடம் வேலை பார்த்த அலெக்சாந்த்ர் ப்ரோமியோ வெனிஸ் நகரத்துக் கால்வாயில் படகில் கேமராவை ஏற்றிப் படம் எடுத்தார். கேமரா படகில் சும்மாதான் இருந்தது. கரையிலிருந்த மாளிகைகள் நடக்க ஆரம்பித்தன.

கேமரா அசைவுகளின் பெயர்கள் உனக்குத் தெரிந்தவைதான். பேன் என்றால் நின்ற இடத்திலிருந்து கழுத்தை மட்டும் திருப்புவது, டில்ட் என்றால் அண்ணாந்தோ குனிந்தோ பார்ப்பது, டிராலி என்றால் எழுந்து நடப்பது. பேன் பண்ணும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்: ஃபிரேமின் ஒரு ஓரத்தில் இருக்கிற பொருள் மறு ஓரம் போய்ச் சேர ஏழு விநாடியாவது ஆக வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது அதைவிட அவசரப்பட்டால் படம் வெட்டி வெட்டி ஓடும்.

டிராலிக்கும் ஸூமுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பக்கத்துப் பனைமரம் சட்டென்று பின்னால் ஓடும், தூரத்து மலை கூடவே வரும். டிராலியில் அது நடக்கும். ஸூமில் நடக்காது, பனையும் மலையும் ஒரே அளவில் பெரிதாகும். 1958-இல் 'வெர்டிகோ' படத்தில் ஹிட்ச்காக் டிராலியையும் ஸூமையும் எதிரெதிராக ஓடவிட்டுத்தான், உயரத்தைப் பார்த்தால் தலைசுற்றுகிறவனின் கண்ணை நமக்குக் கொடுத்தார். அந்தக் காட்சியில் தெரியும் கோபுரப் படிக்கட்டு, சின்னதாகச் செய்த மாதிரி வடிவம்தான். அதைத் தரையில் படுக்கவைத்து எடுத்தார்கள்!

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் டிராலி தள்ளியிருக்கிறேன். ஒரு பெண் கடிதம் படித்து முடித்துத் தலை நிமிர்வாள். அந்த நேரம் வண்டி நிற்க வேண்டும். நான் ஒரு சாண் கூடுதலாகத் தள்ளிவிட்டேன். ஃபோகஸும் போனது, அவள் முகத்தில் வந்திருந்த பாவமும் வீணாயிற்று. ஏழு டேக் ஆனது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை. எட்டாவது டேக்கில் அவள் தோளைப் பார்த்தேன். நிமிர்வதற்குமுன் தோள் லேசாக ஏறும். வண்டி சரியாக நின்றது.

காரணத்தோடு நகரும் கேமராவுக்கு உதாரணம் சொல்கிறேன். 1976-இல் வந்த ஸ்கார்சேசியின் 'டாக்ஸி டிரைவர்' படத்தில் ஒரு காட்சி உண்டு. படம் முழுவதும் உன் வயதுக்கு ஆகாது, அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்தக் காட்சியை மட்டும் பார். நாயகன் ஒரு நடைவழியில், சுவரோரப் பொதுத் தொலைபேசியில் ஒரு பெண்ணிடம் பேசுகிறான். அவள் குரல் நமக்குக் கேட்காது. அவள் மறுக்கிறாள் என்பது இவன் பேச்சிலேயே தெரியும். கேமரா மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து, அவனை விட்டுவிட்டு, தெருவாசல்வரை நீளும் வெறும் நடைவழியில் போய் நின்றுவிடுகிறது. அங்கே யாரும் இல்லை. அவன் குரல் மட்டும் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்டுக் கெஞ்சும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்போமே, அப்படி. பேசி முடித்தபின் அவன் அந்த வெறும் நடைவழிக்குள்தான் நடந்து போகிறான். ஸ்கார்சேசி எத்தனையோ சாகச ஷாட் எடுத்திருக்கிறார். எனக்கு இதுதான் பெரிது.

அடுத்தது சத்யஜித் ராய் 1964-இல் எடுத்த 'சாருலதா'. சாரு தோட்டத்தில் ஊஞ்சல் ஆடும்போது கேமராவும் அவளோடு சேர்ந்து ஆடும். முகம் அசையாமல் நிற்க, தோட்டம் மேலும் கீழும் போய்வரும். ஊஞ்சல் ஆடிப் பார்த்தவளுக்குத் தெரியும், ஆடுகிறவளுக்கு உலகம்தான் ஆடும். அதே படத்தின் தொடக்கத்தில், கணவன் புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அவள் கைப்பிடி வைத்த தொலைநோக்குக் கண்ணாடியை உயர்த்தி அவன் முதுகைப் பார்க்கிறாள். கண்ணாடியைத் தாழ்த்தும்போது கேமரா சட்டென்று ஸூமில் பின்வாங்குகிறது. ஒரே வீட்டில் இருக்கிற இருவருக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று நமக்குச் சுரீரென்று உறைக்கும். ஸூம் என்றாலே மலிவு என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை மறுபடி எடு. ஜிம்பலைப் பெட்டியில் வை. கைபேசியை அரிசி டின்மேல், அவள் விரலுக்கு நேராக நிறுத்திவிட்டு நீ சும்மா இரு. நான்கைந்து முடிச்சு விழட்டும். ஐந்தரை மணி பஸ் ஹாரன் அடித்ததும் ஆச்சி தலையைத் தூக்கித் தெருவைப் பார்ப்பாள். தாத்தா அந்த பஸ்ஸில் வேலை முடிந்து வந்த காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. அவள் கண் திரும்பிய பிறகு, முன்னால் அல்ல, பிறகு, டின்னை மெல்லத் தெருப்பக்கம் திருப்பு. பஸ் நின்று, ஆள் இறங்கி, கிளம்பிப் போகும்வரை அங்கேயே இரு. ஆச்சி முகத்துக்குத் திரும்பி வராதே.

எடுத்ததை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பு. பாட்டுச் சேர்க்காதே.

அன்புடன்,
மாமா